ஆஸ்பத்திரியில் சம்பளம் வாங்காத ஆள்

எந்த ஆஸ்பத்திரி நல்ல ஆஸ்பத்திரி என்று நம் ஊத்துக்குளியில் நாலு பேரிடம் கேட்டால் நாலு பதில் வரும். ஒருவர் டாக்டர் பெயரைச் சொல்வார். ஒருவர் பில் தொகையைச் சொல்வார். இன்னொருவர், "அந்த நர்சம்மா மூஞ்சில ஒரு சிரிப்பு இல்லீங்க" என்று முடித்துவிடுவார். எத்தனை ஆள் வேலை செய்கிறார்கள், எவ்வளவு செலவாகிறது, போய்வந்தவருக்குத் திருப்தியா என்ற மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக்கிடப்பவை. முப்பத்தோரு வருஷம் பனியன் கம்பெனியில் கணக்கு எழுதியதால், எதைப் பார்த்தாலும் வரவு செலவு போட்டுப் பார்க்கும் புத்தி எனக்கு. ஆஸ்பத்திரிக் கணக்கையும் அப்படிப் போட்டுப் பார்த்தால், எந்தப் பதிவேட்டிலும் பெயர் இல்லாமல் ஓர் ஆள் ராப்பகலாக உழைப்பது தெரியும். நோயாளி கூட இருக்கிற சொந்தக்காரர்தான் அவர்.

பழைய காலத்திலிருந்து வருகிறேன். 2009-ல் திருப்பூர் மாவட்டம் பிரியும் வரை நாம் ஈரோடு மாவட்டத்துக்காரர்கள். பெரிய சீக்கு என்றால் ஈரோடு, அதைவிடப் பெரியது என்றால் ரயிலேறிக் கோயமுத்தூர், நெஞ்சுச் சளியில் ரத்தம் வந்தால் பெருந்துறை சானடோரியம். கண்ணுக்கு மட்டும் யாரும் அவசரப்பட்டதில்லை. வயசானால் மங்கத்தான் செய்யும் என்று திண்ணையில் ஒரு கயிற்றுக் கட்டிலைப் போட்டுவிடுவார்கள். கண் வைத்தியம் நம் மாநிலத்துக்குப் புதிதும் அல்ல. எழும்பூர் கண் ஆஸ்பத்திரி 1819-லேயே வந்துவிட்டது. ஆனால் எழும்பூருக்கும் ஊத்துக்குளிக்கும் நடுவில் எத்தனை ஊர்!

என் அம்மிச்சிக்கு 1960-களின் கடைசியில் புரை எடுத்தார்கள். அன்றைய முறையில் கண்ணின் லென்ஸை அப்படியே முழுசாக வெளியே எடுத்துவிடுவார்கள். உள்ளே வைக்க ஒன்றும் கிடையாது. தலை அசையாமலிருக்க இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்து நாள்கணக்கில் மல்லாக்கப் படுக்க வைப்பார்கள். பிறகு சோடா புட்டி மாதிரி ஒரு கண்ணாடி. அம்மிச்சியோடு என் மாமன்தான் பத்து நாள் இருந்தார், அதுவும் கடலைக்காய் பிடுங்குகிற நேரத்தில். சோறு வாங்கி வந்து ஊட்டியது, ஒதுங்கக் கூட்டிப்போனது, மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு ஓடியது, இரவில் மணல் மூட்டை நகராமல் பார்த்துக்கொண்டது எல்லாம் அவர்தான். திரும்பி வந்த அம்மிச்சியிடம் யார் கேட்டாலும், "தங்கமாப் பாத்துக்கிட்டாங்க சாமி" என்றார். மாமன் பக்கத்தில் சிரித்துக்கொண்டே நின்றார். அறுவைக்கு ஒரு பைசா வாங்கவில்லை. கடலைக்காய் பிடுங்க ஆள் வைத்த கூலி எந்தச் செலவில் சேரும் என்று யாரும் கேட்கவும் இல்லை.

இந்தக் கேள்வியைச் சரியாகப் பிடித்த ஒருவர் மதுரையில் இருந்தார். டாக்டர் கோ. வெங்கடசாமி, எல்லோரும் டாக்டர் வி என்பார்கள். எட்டயபுரம் பக்கம் அயன் வடமலாபுரத்தில் 1918-ல் பிறந்தவர். ராணுவத்தில் டாக்டராக இருந்தபோது முடக்குவாதம் வந்து விரல்கள் கோணிப்போயின. பேனா பிடிக்கவே சிரமப்பட்ட கை அது. அந்தக் கையைப் பழக்கியெடுத்துக் கண் அறுவை கற்றார். மதுரை அரசு ஆஸ்பத்திரியில் கண் பிரிவுத் தலைவராக இருந்து ஊர் ஊராக முகாம் நடத்தினார். 1973-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. அப்போது அவர் அரசாங்க டாக்டர்தான் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். அரசு ஆஸ்பத்திரியைக் குறை சொல்லிக்கொண்டு அரவிந்தைப் புகழ்கிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். அவர் தொழில் பழகியதே அங்கேதான்.

58 வயதில் ஓய்வு. நானெல்லாம் ஓய்வு பெற்றதும் ஈஸிசேர் வாங்கினேன். அவர் 1976-ல் வீட்டை அடமானம் வைத்து, 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். தங்கை டாக்டர் நாச்சியார், அவர் கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமி என்று குடும்பமே உள்ளே இறங்கியது. நாட்டில் பார்வையிழப்புத் தடுப்புக்கான தேசியத் திட்டம் வந்ததும் அதே 1976-ல்தான்.

அவர் செய்த வேலைப் பங்கீட்டைத் திருப்பூர்க்காரருக்குச் சொல்வது சுலபம். நம் கம்பெனியில் பவர் டேபிள் டெய்லர் எழுந்துபோய் நூல் எடுக்க மாட்டார். கைமடி ஆள் பீஸை எடுத்துக் கொடுப்பார், தைத்ததை வாங்கி அடுக்குவார், செக்கிங்கில் வேறொருவர் பார்ப்பார். டெய்லரின் கை நின்றால் ஷிப்ட் நஷ்டம் என்பது பத்து மெஷின் வைத்திருப்பவருக்குக்கூடத் தெரியும். ஆனால் பல ஆஸ்பத்திரிகளில், இருக்கிறவர்களிலேயே அதிகம் படித்த ஆளான டாக்டர்தான் நூல் எடுக்கப் போகிறார். கேஸ் ஷீட் எழுதுவார், சொட்டு மருந்து விடுவார், அடுத்த நோயாளி மேஜைக்கு வரும்வரை காத்து நிற்பார்.

டாக்டர் வி அமெரிக்கா போனபோது மெக்டொனால்ட்ஸ் கடையைப் பார்த்து வியந்தார் என்பார்கள். எந்த ஊர் கிளைக்குப் போனாலும் ஒரே பண்டம், ஒரே தரம், ஒரே வேகம். கண் வைத்தியத்திலும் அது ஏன் முடியாது என்று அவர் கேட்டார். (நம் சைமா காலத்துப் பெரிய கம்பெனி எதையாவது சுற்றிக் காட்டியிருந்தால் அத்தனை தூரம் போயிருக்க வேண்டாம் என்பது என் கட்சி.) அரவிந்தில் ஒரு டாக்டருக்கு இரண்டு மேஜை. ஒன்றில் அறுவை நடக்கும்போதே அடுத்தவரை இன்னொன்றில் படுக்க வைத்துத் தயார் செய்துவிடுவார்கள். டாக்டர் திரும்பி உட்கார்ந்தால் போதும். மேஜைக்கு ஒரு பயிற்சி பெற்ற பெண், கருவி கொண்டுவர இன்னொருவர், நோயாளியின் கையைப் பிடித்துக் கூட்டி வர வேறொருவர். இப்படியாக அங்கே ஒரு டாக்டர் வருஷத்துக்குச் சுமார் 2,000 அறுவை செய்கிறார். நாட்டில் மற்ற கண் டாக்டர்களின் சராசரி இதில் கால் பங்குகூட வராது.

வேகமாகத் தைத்தால் டேமேஜ் அதிகம் வருமே என்று கேட்பீர்கள். நானும் அதைத்தான் முதலில் பார்த்தேன். அறுவைக்குப் பின் கண்ணுக்குள் கிருமி புகுவதுதான் இதில் பெரிய ஆபத்து. அவர்கள் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட கண்களின் கணக்கை 2017-ல் வெளியிட்டார்கள். 10,000 கண்ணுக்கு 7 ஆக இருந்தது, அறுவை முடிவில் கண்ணுக்குள் ஒரு மருந்து செலுத்தத் தொடங்கியபின் 2 ஆகக் குறைந்திருக்கிறது. தன் டேமேஜை எண்ணி ஊரறியச் சொல்கிறவன் நல்ல செக்கிங் வைத்திருக்கிறான் என்று அர்த்தம்.

செலவில் அடுத்த முட்டுக்கட்டை லென்ஸ். கண்ணுக்குள் பிளாஸ்டிக் லென்ஸ் வைக்கும் முறையை லண்டனில் ஹரால்ட் ரிட்லி 1949-லேயே செய்துகாட்டிவிட்டார். நம் பக்கம் அது பரவலாக வர நாற்பது வருஷம் ஆயிற்று. இறக்குமதி லென்ஸ் ஒன்று 80, 100 டாலர் விற்றால் இலவசமாக வைக்க யாரால் ஆகும்? 1992-ல் மதுரையிலேயே அரோலேப் என்று தொழிற்சாலை போட்டு, சுமார் 10 டாலருக்கும் பிறகு அதற்குக் கீழேயும் இறக்கிவிட்டார்கள். அந்த லென்ஸ் இப்போது நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகிறது. காசு கொடுப்பவர்களிடம் வாங்கி, பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இலவசமாகவோ பெயரளவுக் கட்டணத்திலோ செய்வதற்கு இந்த இரண்டும்தான் ஆதாரம்: டாக்டரின் நேரம் வீணாகாதது, லென்ஸ் விலை. நமக்குப் பக்கத்தில் கோவை சரவணம்பட்டி சங்கரா கண் மருத்துவமனையும் இந்த வழியில் வந்ததுதான். 80 பேருக்கு இலவசம், 20 பேரிடம் கட்டணம் என்று அவர்கள் வைத்துக்கொண்டார்கள்.

இனி என் விஷயத்துக்கு வருகிறேன். அறுவை இலவசம் என்று சொல்லியும் கிழவர்கள் வரவில்லை. ஏன் என்று பார்க்க தென் மாவட்டக் கிராமங்களில் ஓர் ஆய்வு நடந்து 1991-ல் வெளியானது. அறுவை மட்டும் இலவசம் என்ற இடங்களைவிட, சாப்பாடும் போக்குவரத்தும் சேர்த்துக் கொடுத்த இடங்களில் அதிகம் பேர் வந்தார்கள். 1999-ல் வந்த இன்னோர் ஆய்வு இன்னும் கசப்பானது. பக்கத்திலேயே முகாம் நடந்தும், கண் கோளாறு உள்ளவர்களில் நூற்றுக்கு 7 பேர்கூட அங்கே போகவில்லை. பயம், கூட்டிப்போக ஆள் இல்லாமை, வீட்டு வேலை என்று காரணங்கள். இலவச ஆஸ்பத்திரியும் கிழவிக்கு இலவசம் இல்லை என்பது இதில் தெரிந்தது. இதற்குப் பிறகுதான் 2004 முதல் சின்ன ஊர்களில் பார்வை மையங்களைத் திறந்தார்கள். அங்கே பயிற்சி பெற்ற பெண் கண்ணைப் பார்ப்பார், தூரத்து டாக்டர் கம்ப்யூட்டரில் பேசுவார்.

கோவையில் அரவிந்த் 1997-ல் வந்தது. இரண்டு வருஷம் கழித்து ஒரு முகாமில் என் அம்மாவுக்குப் புரை முற்றியிருக்கிறது என்று சொல்லி, அன்றைக்கே பஸ்ஸில் ஏற்றினார்கள். நானும் வருகிறேன் என்றேன். "வேண்டாங்க ஐயா, நாங்க பாத்துக்கறோம், நீங்க வேலைக்குப் போங்க" என்று சீருடை போட்ட ஒரு பெண் சொன்னது. இருபது வயது இருக்கும். மார்ச் மாதம், கணக்கு முடிக்கிற நேரம் எனக்கு. அம்மாவுக்கு அங்கே தரையில் பாய்தான். ஆனால் பாத்ரூமுக்குக் கூட்டிப்போனது, சாப்பாடு கொடுத்தது, சொட்டு மருந்து விட்டது எல்லாம் அந்த மாதிரிப் பெண்களே. சில நாளில் அதே பஸ் கொண்டுவந்து விட்டது. வீட்டில் ஒருவருக்கும் ஒரு ஷிப்ட்கூடப் போகவில்லை. அம்மாவும் "தங்கமாப் பாத்துக்கிட்டாங்க" என்றுதான் சொன்னார். வார்த்தை அம்மிச்சி சொன்ன அதே வார்த்தை. இந்தத் தடவை அது ஆஸ்பத்திரிக்காரர்களுக்குச் சேர்ந்தது.

இதனால்தான் திருப்திக் கணக்கெடுப்புகளில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. நம் பெரியவர்கள் கேட்டால் நல்லதாகத்தான் சொல்வார்கள். வைத்தியம் பார்த்தவரைக் குறை சொன்னால் பாவம் என்ற எண்ணம். அம்மா ஊர் திரும்பிய மாதத்திலேயே பக்கத்து வீட்டு இரண்டு பேரைச் சம்மதிக்க வைத்து அடுத்த முகாமுக்கு அனுப்பினார். நான் நம்புகிற கணக்கு அது.

அந்தப் பெண்களைப் பற்றியும் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. பிளஸ் டூ முடித்த கிராமத்துப் பெண்களை எடுத்து இரண்டு வருஷம் உதவித்தொகையோடு பயிற்சி கொடுக்கிறார்கள். கல்யாணமானதும் பலர் விட்டுவிடுவதால் புதிதாக எடுத்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. செலவு குறைவாக இருப்பதில் ஒரு பங்கு அந்த இளவயது உழைப்பினால்தான். நம் மில் ஹாஸ்டல்களைப் பார்த்த கண்ணுக்கு இது உறுத்தத்தான் செய்யும். கையில் ஒரு தொழிலோடு வெளியே வருகிறார்கள் என்பது பெரிய வித்தியாசம், ஒத்துக்கொள்கிறேன்.

அரசு ஆஸ்பத்திரியை இதோடு ஒரே தராசில் வைப்பதும் தவறு. புரை என்பது ஒரே மாதிரி பீஸ், ஆர்டர் தேதி சொல்லித் தைக்கலாம். பெரியாஸ்பத்திரிக்கு ராத்திரி பாம்புக்கடி வரும், பிரசவம் வரும், அவினாசி ரோட்டு விபத்து வரும். யாரையும் திருப்பி அனுப்ப முடியாது. மருந்தில் தமிழ்நாடு சாதித்தது பெரிய விஷயம். 1994-ல் மருத்துவப் பணிகள் கழகம் அமைத்து, 1995 முதல் மொத்தமாக வாங்க ஆரம்பித்தபின் வெளியே சீட்டு எழுதுவது வெகுவாகக் குறைந்தது. 2022 ஜனவரியில் திருப்பூருக்கே மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. இத்தனைக்குப் பிறகும் வார்டில் ஸ்ட்ரெச்சர் தள்ளுவதும், ரத்த சாம்பிளை லேபுக்கு எடுத்துப் போவதும் நம் வீட்டு ஆள்தான். பெரிய தனியார் ஆஸ்பத்திரியில் அந்த வேலைக்கு ஆள் உண்டு, ஆனால் "அட்டெண்டர் ஒருத்தர் கட்டாயம்" என்று பலகையும் உண்டு. பணம் கட்ட ஓட வேண்டுமே.

இஎஸ்ஐ சட்டம் 1948-ல் வந்தது. நம் மாநிலத்தில் முதன்முதலில் கோயமுத்தூரில்தான் 1955 ஜனவரியில் தொடங்கினார்கள். அதன் சலானை மாதாமாதம் போட்டவன் நான். இப்போது தொழிலாளி பங்கு சம்பளத்தில் 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25. தொழிலாளி படுத்துவிட்டால், தகுதி இருந்தால், 91 நாள் வரை 70 சதவீதக் கூலி கிடைக்கும். சீக்கின் செலவில் போன கூலியும் சேரும் என்று 1948-லேயே ஒத்துக்கொண்ட சட்டம் அது, பெரிய மனசு. அவரை நம்பியிருக்கும் அம்மாவுக்கும் வைத்தியம் உண்டு. அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிற நாளுக்குத்தான் கூலி கிடையாது.

அரவிந்த் இப்போது திருப்பூரிலேயே இருக்கிறது. எங்கள் தெருவில் ஒரு பெரியம்மாவுக்கு ஒரு கண் முடிந்தது, இன்னொன்று பாக்கி. மகன் பவர் டேபிள், மருமகள் செக்கிங், இருவருக்கும் ஒன்றரை ஷிப்ட். சீசன் ஓடிக்கொண்டிருக்கிறது. தீபாவளி லீவில் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள். அந்த வாரம் ஆஸ்பத்திரியிலும் ஆள் இருக்க மாட்டார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். "அப்பப் பொங்கலுக்குப் பாத்துக்கலாங்க" என்றார் பெரியம்மா.