வெட்டிய பிறகு எடுத்த படம்

மார்பில் ஏதோ இருக்கு எண்டு படம் காட்டுது. ஆனால் தடவிப் பார்த்தால் கைக்கு ஒண்டும் தட்டுப்படேல்ல. அப்ப வைத்தியர் எந்த இடத்தில் கத்தி வைப்பார்? இதற்குப் பதில் தேடிப்போன நாங்கள் முதலில் வந்து நின்ற இடம் பேர்லின்.

1913 இல் அங்கே அல்பேர்ட் சலமோன் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், வெட்டி அகற்றப்பட்ட மார்புகளை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். ஒன்றிரண்டல்ல, ஏறத்தாழ 3000. எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டு அப்போது 18 வருசம்தான். கட்டி படத்தில் எப்படித் தெரிகிறது, எந்தப் பக்கமாகப் பரவுகிறது என்றெல்லாம் எழுதிவைத்தார். கட்டிக்குள்ளே பொடிப்பொடியான சுண்ணாம்புப் புள்ளிகளையும் கண்டார், ஆனால் அவற்றின் பெறுமதி அவருக்குப் பிடிபடவில்லை. அந்தக் காலத்தில் மார்போடு நெஞ்சுத் தசையையும் அக்குள் நிணநீர்க் கணுக்களையும் சேர்த்தே எடுப்பார்கள். படம் வந்தது அதற்குப் பிறகு. அந்தப் பெண்களுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

யூதர் என்பதால் 1933 இல் சலமோனின் வேலை பறிபோனது. 1938 இல் சக்சன்ஹவுசன் முகாமில் அடைத்தார்கள். பிறகு நெதர்லாந்துக்குத் தப்பினார். மகள் சார்லொட் ஓவியர். 1943 இல் அவுஷ்விற்ஸில் கொல்லப்பட்டபோது அவருக்கு வயது 26. எங்களில் சிலருக்கு மகளின் ஓவியங்களைத் தெரியும், தகப்பன் யாரெண்டு இப்பதான் தெரியும்.

வேலை மற்றவர்கள் கைக்குப் போனது. 1930 இல் அமெரிக்காவின் றொச்செஸ்ரரில் ஸ்ராபோர்ட் வொறன் சத்திரசிகிச்சைக்கு முன்னரே படம் எடுத்தார். உருகுவேயில் லெபோர்ன் மார்பை அழுத்திப் படமெடுத்து, அந்தச் சுண்ணாம்புப் புள்ளிகள் எதைச் சொல்கின்றன என்பதைக் காட்டினார். 1960 இல் ஹூஸ்ரனில் றொபேர்ட் ஈகன் மற்ற ஆஸ்பத்திரிகளும் செய்யக்கூடிய முறையாக அதை ஆக்கினார்.

அதோடு புதுத் தலையிடி ஒன்று. படம் எடுக்கும்போது மார்பு இரண்டு தட்டுகளுக்கிடையில் நசிந்திருக்கும். மேசையில் படுத்தால் அதே மார்பு பக்கவாட்டில் சரிந்துவிடும். படத்தில் பார்த்த இடம் உடம்பில் எங்கே? குத்துமதிப்பாகப் பெரிய துண்டாக வெட்டினார்கள். அப்படியும் சிலவேளை தப்பிப்போகும். ஊசி குத்தி அடையாளம் வைத்துப் பார்த்தார்கள், அது வழுக்கி வெளியே வந்துவிடும்.

1976 இல் ஹவார்ட் பிராங்கும் கூட்டாளிகளும் ஊசிக்குள்ளே மெல்லிய கம்பி ஒன்றைச் செலுத்தினார்கள். அதன் நுனி தூண்டில் முள்போல வளைந்தது. படம் பார்த்து ஊசியை இடத்துக்குக் கொண்டுபோய், பிறகு ஊசியை உருவினால் கம்பி தசையில் கொளுவிக்கொண்டு நிற்கும். வைத்தியர் கம்பி வழியே போய்த் துண்டை எடுப்பார். சலமோன் காலமானதும் அதே வருசம்தான்.

எடுத்த துண்டை உடனே எக்ஸ்ரேக்கு அனுப்புவார்கள். 1913 இல் சலமோன் செய்த அதே வேலை. இப்போது அந்தப் பெண் இன்னும் மேசையில் மயக்கத்தில் இருக்கிறார், வைத்தியர் காயத்தைத் தைக்காமல் காத்திருக்கிறார். புள்ளிகள் துண்டுக்குள் இல்லையென்றால் இன்னும் கொஞ்சம் எடுக்கவேணும்.