காற்றுத் துவக்கும் காவற் பரணும்

முள்ளியவளையில் தென்னையும் நிலக்கடலையும் வைத்திருக்கும் ஆசிரிய நண்பரொருவர் சென்ற ஆண்டு நமக்கு எழுதிய மடலில் ஒரு வினாவை விடுத்திருந்தார். மாலை வேளைகளில் வெறும் பால்மாப் பேணிகளை வரிசையாக அடுக்கிக் குறிபார்த்துச் சுடவும், வேண்டியபோது எலி, அணில், குரங்கு முதலியவற்றைத் தோட்டத்திலிருந்து அகற்றவும் உகந்த காற்றுக் கைத்துப்பாக்கி எது, அதனைத் தெரிந்தெடுப்பது எவ்வாறு என்பதே அவ்வினா. சிறிய வினாதான். கடைக்காரர் ஒரு நிமிடத்தில் விடை கூறிவிடுவார். ஆயினும் நாம் விடையெழுத அமர்ந்தபோது, கருவியைப் பற்றி எழுதவேண்டியது அரைப்பக்கமே என்பதும், அக்கருவியை ஒரு வன்னி விவசாயி கையிலெடுக்கலாமா என்பதை இருநூறு ஆண்டுகளாக யார் யார் தீர்மானித்து வந்துள்ளனர் என்பது அதனினும் நெடிய கதை என்பதும் புலனாயின.

முதலில் அரைப்பக்கத்தை முடித்துவிடுவோம். காற்றுத் துவக்கில் வெடிமருந்து இல்லை. சுருள்வில்லால் உந்தப்படும் ஆடுதண்டோ, கையால் அடைத்து இறுக்கிய காற்றோ, சிறு குப்பியில் அடைத்த கரியமில வாயுவோ சன்னத்தைத் தள்ளுகிறது. வாயுக் குப்பி தீர்ந்தால் முல்லைத்தீவிலே அதனைத் தேடி அலைய வேண்டும். ஆகையால் நாட்டுப்புறத்துக்குச் சுருள்வில் வகையே பொருந்தும். அதிலும் கடற்காற்று வீசும் ஊரிலே எண்ணெயிட்டுத் துடைத்து வையாதவனுடைய வில்லும் குழலும் இரண்டொரு மாரிக்குள் துருவேறிவிடும். 4.5 மில்லிமீற்றர் சன்னம் குறிப்பயிற்சிக்கும், 5.5 மில்லிமீற்றர் சன்னம் எலி கொல்வதற்கும் ஏற்றவை என்பர். பேணிகளைச் சுடுவோன் ஈயச் சன்னத்தையே கொள்ளவேண்டும். உருக்குக் குண்டு தகரத்தில் தெறித்துச் சுட்டவனின் கண்ணைத் தேடி வரும். பேணிக்குப் பின்னால் மண்மேடு இருத்தல் அவசியம். வேலிக்கு அப்பால் அயல்வீட்டுப் பிள்ளைகள் விளையாடும் வளவு இருக்குமாயின் அந்த இடத்தில் சுடவே கூடாது.

இனிக் குரங்கு. இங்கேதான் நண்பரின் எண்ணம் தவறிவிடுகிறது. சாதாரணக் காற்றுக் கைத்துப்பாக்கியின் சன்னம் அரைக் கிராம் நிறையுடையது. குழல்வாயில் அதன் ஆற்றல் மூன்று முதல் ஆறு யூல் வரையே. பன்னிரண்டாம் இலக்கத் தோட்டாத் துவக்கின் ஆற்றலோ இரண்டாயிரம் யூலைக் கடந்தது. பத்தடி தூரத்தில் நெற்குதிரோரம் நிற்கும் எலியைக் கைத்துப்பாக்கி வீழ்த்தலாம். தென்னை வட்டில் அமர்ந்து குரும்பையைக் கடித்தெறியும் குரங்கை அது கொல்லாது; தோலுக்குள் ஈயத்தைப் புதைத்துவிட்டு விடும். புண் சீழ்வைத்து அவ்விலங்கு பல நாள் கிடந்து சாகும். அதன் கூட்டமோ மறுநாட் காலையில் மீண்டும் வரும். பன்றியைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. ஆகவே, விளையாட்டுக்கு இது நல்ல கருவி. பயிர்க்காவலுக்கு எலி அளவில் நின்றுவிடும் கருவி. இதுவே கடைக்கார விடை. (1963இல் வெளிவந்த ஜேம்ஸ் பொண்ட் படமொன்றின் விளம்பரப் படங்களில் கதாநாயகர் கன்னத்தோரம் உயர்த்திப் பிடித்திருந்தது இத்தகையதொரு ஜேர்மன் காற்றுக் கைத்துப்பாக்கியே. உளவாளிக்குரிய உண்மைத் துப்பாக்கி கைவசம் இல்லாமற்போகவே புகைப்படக்காரர் தாம் குறிபழகும் கருவியை எடுத்துக் கொடுத்தாராம். எலிக்கு மட்டும் அஞ்சவேண்டிய அக்கருவியை உலகமே அஞ்சி வியந்தது!)

இவ்வளவு வலிமை குன்றிய கருவி ஏன் தோன்றியது? காற்றுத் துவக்கு தொடக்கத்தில் வலிமை குன்றியதாக இருக்கவில்லை என்பதே வியப்பு. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒஸ்திரியப் படை ஜிராந்தோனி என்பார் வடிவமைத்த காற்றுத் துவக்கைப் போரிலே பயன்படுத்தியது. அதன் பிடங்கே காற்றுக் கலம். அதனை நிரப்பச் சுமார் ஆயிரத்தைந்நூறு தடவை பம்பை அடிக்க வேண்டும். நிரப்பியபின் இருபது குண்டுகளை அடுத்தடுத்துச் சுடலாம். 1803 ஆகஸ்ட் மாதத்தில், அமெரிக்கக் கண்டத்தின் மேற்குப் பகுதியை ஆராயப் புறப்பட்ட மெரிவெதர் லூயிஸ் பிற்ஸ்பேர்க் நகரருகே தம் காற்றுத் துவக்கைப் பார்வையாளருக்குக் காட்டினார். பிறிதொருவர் கையில் அது தவறுதலாக வெடித்து ஒரு பெண் காயமுற்றாள். பின்னர் வழிநெடுகிலும் செவ்விந்தியக் குடிகளின் முன் அதனைச் சுட்டுக்காட்டி அவர்களை வியப்பிலும் அச்சத்திலும் ஆழ்த்துவது அப்பயணக் குழுவின் வழக்கமாயிற்று.

அதே 1803 ஆகஸ்டில்தான் முள்ளியவளையிலிருந்து சில கல் தொலைவிலுள்ள முல்லைத்தீவுக் கோட்டையைப் பண்டாரவன்னியன் தாக்கினான். ஆங்கிலேயக் காவற்படை கடல்வழியே யாழ்ப்பாணத்துக்குப் பின்வாங்கிற்று. கோட்டைப் பீரங்கிகள் வன்னியர் கைக்கு வந்தன. அவ்வெற்றி நீடிக்கவில்லை. ஒக்டோபர் 31ஆந் திகதி ஒட்டுசுட்டானுக்கு அணித்தாயுள்ள கற்சிலைமடுவில் வொன் டிறிபேர்க்கின் படை அவனை முறியடித்தது. வென்றவர்கள் அவ்விடத்தில் நட்ட கல்லில் தம் தளபதியின் பெயரையும் நாளையும் பொறித்தனர். தோற்றவனோடு நின்ற கமக்காரர் எவர் பெயரும் அதிலில்லை. அன்று முதல், வன்னியான் கையிலுள்ள துவக்கு எதற்கு என்ற ஐயம் ஆள்வோரின் உள்ளத்தை விட்டு அகலவேயில்லை என்று நாம் கருதுகிறோம்.

ஆயினும் அந்த ஐயம் ஆள்வோரின் தேவைக்கேற்ப நெகிழ்ந்தும் கொடுத்தது. 1845 முதல் 1850 வரை இலங்கையின் குடியேற்றச் செயலாளராயிருந்த எமர்சன் டெனன்ற் தம் நூலில் தரும் கணக்கொன்று நினைவுகொள்ளத்தக்கது. வன்னியை உள்ளடக்கிய வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும், 1848க்கு முற்பட்ட மூன்றாண்டுக்கும் குறைந்த காலத்தில், 3,500க்கு மேற்பட்ட யானைகளை நாட்டு மக்கள் கொன்றனர். தலைக்குச் சில சில்லிங் வீதம் அரசாங்கமே சன்மானம் கொடுத்தது. இதற்கு முன்னர் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் வன்னியரிடம் யானையைத் திறையாக வாங்கி விற்றுப் பொருளீட்டினர் என்பதையும் இணைத்துப் பார்த்தல் வேண்டும். அதே காட்டில் வாழ்ந்த அதே விலங்கு, ஓராட்சியில் வருவாயாகவும் மறு ஆட்சியில் அழிக்கவேண்டிய இடையூறாகவும் கணிக்கப்பட்டது. யானை மாறவில்லை, கருவூலத்தின் தேவை மாறிற்று.

வெள்ளைத் துரைமாருக்குச் சன்மானம் தேவைப்படவில்லை. அவர்கள் விளையாட்டுக்காகச் சுட்டனர். மேஜர் றொஜர்ஸ் என்னும் இராணுவ அதிகாரி 1,400க்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றதாகப் பெயர்பெற்றவர். 1845இல் அவர் மின்னல் தாக்கி இறந்தபோது மக்கள் அதனைத் தெய்வ தண்டனை என்றே பேசிக்கொண்டனர். சாமுவேல் பேக்கர் இலங்கைக் காடுகளில் தாம் ஆடிய வேட்டையை ஒரு முழு நூலாகவே எழுதினார். இவ்வாறு சுட்டுத் தீர்த்தபின், சுடுவதற்கு எஞ்சியிராதோ என்ற கவலை சுட்டவர்களுக்கே பிறந்தது. 1894இல் வேட்டைவிலங்குப் பாதுகாப்புச் சங்கம் அமைந்தது. யாலைப் பகுதியில் 1900ஆம் ஆண்டளவில் ஒதுக்கப்பட்ட காட்டின் ஒரு பங்கு, இந்நாட்டில் வதியும் வேட்டை விளையாட்டாளருக்கென்றே வைக்கப்பட்டது. விளையாட்டுக்காகச் சுடுவோன் பண்பாளன். வயிற்றுக்காகவும் வயலுக்காகவும் சுடுவோன் திருட்டு வேட்டைக்காரன். இந்த வேறுபாட்டைச் சட்டம் எழுத்தில் எழுதவில்லை. அனுமதிச் சீட்டின் கட்டணம் எழுதிற்று. 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தால் எத்தனையோ உயிரினங்கள் காக்கப்பட்டன என்பதை நாம் மறுக்கவில்லை. காட்டை வெறுமையாக்கியவர் எவர், அதன் தண்டத்தைக் கட்டியவர் எவர் என்பதே நம் கேள்வி.

துவக்குச் சட்டத்தின் வரலாறும் இதற்கு ஒத்ததே. 1857இன் பேரெழுச்சிக்குப் பின் இந்தியாவில் மக்கள் படைக்கலம் களையப்பட்டனர். 1878இல் லிற்றன் பிரபு கொணர்ந்த ஆயுதச் சட்டம் அதனை நிலையாக்கி ஐரோப்பியருக்கு விலக்களித்தது. இலங்கையில் 1915இல் கலவரமும் இராணுவச் சட்டமும் வந்தன. மறு ஆண்டு 1916இன் 33ஆம் இலக்கச் சுடுகலக் கட்டளைச் சட்டம் நிறைவேறிற்று. திருத்தங்களோடு இன்றும் நம்மை ஆள்வது அதுவே. பிரித்தானியாவின் கதையும் வேறன்று. முதலாம் உலகப்போர் முடிந்து இலட்சக்கணக்கான தொழிலாளர் படையிலிருந்து திரும்பினர். ருஷ்யாவிலே புரட்சி நடந்தேறியிருந்தது. அதுவரை ஆங்கிலேயருக்கு ஏறத்தாழத் தடையற்றிருந்த துப்பாக்கி, 1920ஆம் ஆண்டுச் சட்டத்தால் காவற்றுறையின் சான்றிதழுக்கு உட்பட்டது. கள்வரைத் தடுக்கவே என்று மன்றத்திற் கூறப்பட்டாலும், அமைச்சரவையின் உள்ளுரையாடல்களில் புரட்சி அச்சமே மேலோங்கி நின்றதென்பதைப் பிற்கால ஆய்வாளர் எடுத்துக்காட்டியுள்ளனர். சாதாரணக் காற்றுத் துவக்குக்கு அச்சட்டம் விலக்களித்தது. ஏகாதிபத்தியப் படைகளுக்குச் சுழற்றுப்பாக்கி வடித்துக் கொடுத்த பேர்மிங்காம் நகரின் வெப்ளி நிறுவனம் 1924இல் தன் முதற் காற்றுக் கைத்துப்பாக்கியைச் சந்தைக்கு விட்டது தற்செயலாக இருக்க முடியாது. ஆள்வோர் அஞ்சத் தேவையில்லாத அளவுக்கு வலிமை குறைந்திருத்தல், அதுவே அதன் விற்பனைத் தகுதி. நண்பர் கேட்ட கருவியின் சாதகம் இது.

இலங்கைச் சட்டமோ காற்றுத் துவக்கையும் எளிதில் விட்டுவிடவில்லை. சில அடி தூரத்தில் நிறுத்திய அட்டையைச் சன்னம் துளைக்குமாயின் அது துவக்கே என்பது அதன் போக்கு. வெடிமருந்து உண்டா இல்லையா என்பது அங்கே பொருட்டன்று. தமிழ்நாட்டு நிலை வேறு. 2016ஆம் ஆண்டின் இந்திய ஆயுத விதிகளின்படி ஆற்றல் இருபது யூலுக்கு மேற்படாத, .177 அங்குல விட்டமுடைய காற்றுத் துவக்குக்கு அனுமதிப்பத்திரம் வேண்டுவதில்லை. மெரீனாக் கடற்கரையில் பலூன் சுடும் சிறுவன் நாள்தோறும் கையாளும் பொருள் அது. பாக்கு நீரிணைக்கு இப்பாலோ, வாங்குமுன் மாவட்டச் செயலகத்தை அணுகிக் கேட்டறியாதவன் நீதிமன்றத்தில் நிற்க நேரும்.

வன்னிக் கமக்காரன் இந்தச் சட்டங்களையெல்லாம் வாசித்துவிட்டு வயலுக்குப் போகவில்லை. அவனுக்கு அவனுடைய கருவிகள் இருந்தன. அலம்பல் வேலி, வெருளி, தகரம், கவண், சிறுவர் கையிற் கெற்றப்போல், மரக்கொப்பிற் கட்டிய பரண். காலபோக நெல் குடலைப் பருவமெய்தியதும் பன்றிக்கு இரவுக் காவலும், கதிர் முற்றியதும் கிளிக்கும் மயிலுக்கும் பகற் காவலும் தொடங்கும். வசதியுள்ளோர் உள்ளூர்க் கொல்லன் வடித்த இடியன் துவக்கை வைத்திருந்தனர். காவல் தனியொருவன் வேலையாக இருந்ததில்லை. ஒருவன் வேலியில் விட்ட பொட்டு வெளி முழுவதற்கும் கேடு; ஆகவே எவர் எத்தனை முழம் வேலி அடைப்பது என்பதை வட்டவிதானை பங்கிட்டார். அவ்வட்டவிதானைமாரிற் பலர் செல்வர் பக்கமே சாய்ந்தனர் என்பதையும் மறைத்தல் ஆகாது. 1958இல் பிலிப் குணவர்த்தன கொணர்ந்த நெற்காணிச் சட்டம் அப்பதவியை ஒழித்து, உழுவோர் தாமே தெரிந்தெடுக்கும் பயிர்ச்செய்கைக் குழுக்களை அவ்விடத்தில் நிறுவ முனைந்தது. வேலியும் காவலும் நீர்ப்பங்கீடும் உழைப்போர் கூடித் தீர்மானிக்க வேண்டியவை என்ற கொள்கை சட்டத்தில் ஏறிய அரிய தருணம் அது. நிலவுடைமையாளரின் எதிர்ப்பால் அது முடமாயிற்று. வன்னியிலே பின்வந்த போர் எஞ்சியதையும் கலைத்தது.

போரைப் பற்றி இங்கே விரித்தெழுத நாம் எண்ணவில்லை. 2008இன் இறுதியில் முள்ளியவளை மக்கள் ஊரைவிட்டு வெளியேறினர். உயிர்தப்பியோர் 2009 மே மாதத்துக்குப் பின் செட்டிகுளம் முகாம்களில் அடைபட்டனர். அதன்பின்னரே திரும்பி வந்தனர். வந்தபோது வயல் பற்றையாகவும், வளவு குரங்கின் குடியிருப்பாகவும், காடு கண்ணிவெடியாகவும் இருந்தன. முப்பதாண்டு துவக்குகளாற் சூழப்பட்ட மண்ணில், குரங்கு கலைக்க ஒரு துவக்குக் கேட்பவன் முதலில் தன்னை ஐயத்துக்குரியவன் அல்லன் என்று நிறுவவேண்டியவனானான். காணி உறுதியைக் காட்டு என்றனர். உறுதி போரிலே எரிந்துபோயிருந்தது, அல்லது என்றுமே கொடுக்கப்பட்டிருக்கவில்லை. சட்டவழி அடைபட்ட இடத்தில் சட்டவிரோத வழி திறந்தது: பன்றிக்கெனப் பாதையில் நாண் இழுத்து வைக்கும் கட்டுத்துவக்கு, வேலிக் கம்பியில் திருட்டு மின்சாரம். இவற்றில் அகப்பட்டுக் காலிழந்தவரும் உயிரிழந்தவரும் பெரும்பாலும் விறகுக்கும் தேனுக்கும் போன ஏழைகளே. வைத்தவனும் ஏழை, விழுந்தவனும் ஏழை.

கொழும்பிலே இதற்குக் கண்ட தீர்வுகளை நினைக்கும்போது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. 2023இல் ஓரிலட்சம் குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்பும் பேச்சு எழுந்து அடங்கிற்று. 2025 மார்ச் 15ஆந் திகதி காலை எட்டு மணி முதல் ஐந்து நிமிடம் நாடெங்கும் தத்தம் வளவில் நிற்கும் குரங்கு, மயில், மரவணில் ஆகியவற்றை எண்ணுமாறு மக்கள் கேட்கப்பட்டனர். காடு எத்தனை ஏக்கர் வெட்டப்பட்டது, எவரால், எவருக்காக என்பதை எண்ணுவதற்கும் ஓர் ஐந்து நிமிடம் ஒதுக்கியிருக்கலாம்.

நண்பருக்கு நாம் எழுதிய விடை இதுதான்: பேணி சுட ஆசையெனில் முறைப்படி விசாரித்து, அனுமதியோடு, சுருள்வில் வகை ஒன்றை வாங்குக, எலிக்கு அது போதும், குரங்கை நோக்கி அதனை உயர்த்தற்க. குரங்குக்கு அயலிலுள்ள பத்துத் தோட்டக்காரரும் கமக்காரர் அமைப்பிற் கூடி முறைக்காவல் வகுப்பதும், வேலிக்கும் இழப்புக்கும் அரசாங்கத்திடம் கணக்கோடு கேட்பதுமே வழி. வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்குச் சென்றிருந்தபோது அவர் வளவுக்கும் போனோம். துவக்கு வாங்கியிருக்கவில்லை. பத்துப் பேரில் ஆறு பேர் முறைக்காவலுக்கு இணங்கியுள்ளனராம். மற்ற நால்வரில் இருவர் வெளிநாட்டில் இருக்கின்றனர், அவர்கள் வளவில்தான் குரங்குகள் இரவு தங்குகின்றன. நாம் பேசிக்கொண்டிருக்கையிலேயே கிழக்குப் பக்கத்தில் தகரம் ஒலித்தது. அன்று காவல்முறை அடுத்த வளவுக் கிழவியுடையது. அவள் தகரத்தைத் தட்டியபடியே, வெளிநாட்டார் காணிக்கு எவரிடம் முறையிடுவது என்று வேலிக்கு மேலால் நம்மிடம் கேட்டாள்.