டிராகுலாவுக்கு இருட்டு, லூசிக்கு வெளிச்சம்

1951ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் 'ஐ லவ் லூசி' என்ற நகைச்சுவைத் தொடர் ஒளியேறத் தொடங்கியது. அதன் ஒளிப்பதிவுப் பொறுப்பை ஏற்றவர் அறுபது வயதைத் தாண்டிய கார்ல் ஃபிராய்ண்ட். ஜெர்மனியில் 'மெட்ரோபோலிஸ்' படத்திற்கு ஒளிப்பதிவு செய்தவர். 1931இல் ஹாலிவுட்டின் 'டிராகுலா' படத்தை நிழலில் மூழ்கடித்தவரும் அவரே. இரத்தக் காட்டேரியை இருட்டில் நிறுத்தியவர் சிரிப்புத் தொடருக்கு எப்படி விளக்குப் போடுவார் என்ற ஐயம் எவருக்கும் எழுவது இயற்கைதான்.

ஃபிராய்ண்ட் செய்தது இதுதான். பார்வையாளர்கள் முன்னிலையில் மூன்று கேமராக்கள் ஒரே சமயத்தில் ஓட வேண்டும். ஒன்று முழு அறையைப் பிடிக்கும். மற்றவை முகங்களை நெருங்கும். காட்சிக்குக் காட்சி விளக்கை நகர்த்திக்கொண்டிருக்க முடியாது. அப்படி நிறுத்தினால் சிரிப்பின் ஓட்டமே அறுந்துவிடும். ஆகவே, விளக்குகளைத் தலைக்கு மேலே ஏற்றி, தரையைக் கேமராக்களுக்கு விட்டுவிட்டார். எந்தக் கோணத்திலிருந்து பார்த்தாலும் முகம் தெளிவாகத் தெரியும்படி ஒளியைச் சமமாகப் பரப்பினார். அரங்கச் சுவர்களைப் பல்வேறு சாம்பல் நிறங்களில் பூசவைத்து, விளக்கால் கிடைக்காத வேறுபாட்டை வண்ணத்தால் ஈடுகட்டினார். பார்வையாளர்கள் முன் பல கேமராக்களால் எடுக்கப்படும் நகைச்சுவைத் தொடர்கள் பெரும்பாலும் இன்றும் இந்த வழியைத்தான் பின்பற்றுகின்றன.

நகைச்சுவைக்கு நல்ல வெளிச்சம், திகிலுக்கு இருட்டு என்ற பாடத்தைத் திரைப்படத் துறை மாணவர்கள் முதல் வாரத்திலேயே மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். ஆனால், அந்தப் பாணிகள் ஏன் பிறந்தன என்பதைப் பலர் கேட்பதில்லை. இறுதியாண்டுக் குறும்படத்தில் இடறி விழுவதும் அங்கேதான்.

திகில் படத்தின் நிழலைத் தேடிப் போனால் 1920இல் வெளிவந்த 'டாக்டர் காலிகாரியின் அறை' என்ற ஜெர்மானியப் படத்தில் போய் நிற்கலாம். அதில் பல நிழல்கள் விளக்கால் உண்டானவையே அல்ல. அரங்கத்தின் மீது வண்ணத்தால் தீட்டப்பட்டவை! இரண்டே ஆண்டுகளில் முர்னாவின் 'நோஸ்ஃபெராட்டு' வந்தது. அதில் மாடிப்படியில் ஏறிச் செல்வது காட்டேரியின் நிழல் மட்டுமே. உருவம் கண்ணில் படுவதில்லை. காட்டாமல் விடுவதுதான் பயத்தின் மூலதனம் என்பதை அந்த ஒரு காட்சி சொல்லிக் கொடுத்தது.

இப்படி வளர்ந்த கலைஞர்களில் பலர் பின்னர் ஹாலிவுட்டுக்குச் சென்றனர். 1940களின் குற்றப் படங்களில் ஜன்னல் பலகைகளின் கோடுகள் முகத்தில் விழும் அந்தப் பாணியில் ஜெர்மானியச் சாயல் அழுத்தமாகவே உண்டு. அப்பாணியில் பெயர் பெற்றவர் ஜான் ஆல்டன். 1949இல் 'ஒளியால் ஓவியம்' என்ற பொருள்படும் தலைப்பில் நூலும் எழுதினார். ஆனால், அவருக்கு ஆஸ்கார் விருதைப் பெற்றுத் தந்தது குற்றப் படமல்ல. 1951இன் வண்ண இசைப்படமான 'அன் அமெரிக்கன் இன் பாரிஸ்'. அதன் இறுதி நடனக் காட்சிக்கு ஒளியமைத்தவர் அவர். தேர்ந்த கை ஒரே பாணிக்குள் அடைபட்டுக் கிடப்பதில்லை.

நம் வட்டாரத்திலும் இந்த வேறுபாட்டைக் காணலாம். சிங்கப்பூரில் ஜாலான் அம்பாஸ் ஸ்டூடியோவிலிருந்து பி. ரம்லியின் 'பூஜாங் லாப்போக்' 1957இல் சிரித்துக்கொண்டு வந்தது. அதே ஆண்டு கேத்தே கெரிஸ் நிறுவனத்தின் 'பொந்தியானாக்' வந்தது. இயக்கியவர் இந்தியாவிலிருந்து வந்த பி. என். ராவ். அப்படத்தின் பிரதி இன்று கிடைப்பதில்லை என்பது வேதனை. தொடர்ந்து 1958இல் அவர் எடுத்த 'சும்பா பொந்தியானாக்' கிடைக்கிறது. மாணவர்கள் அவசியம் பார்க்கலாம்.

பெரிய விளக்குகளை வாடகைக்கு எடுக்கப் பணமில்லை என்பது மாணவர்களின் வழக்கமான முறையீடு. அவர்களுக்கு சுப்ரதா மித்ராவின் கதை பொருந்தும். சத்யஜித் ரேயின் 'பதேர் பாஞ்சாலி' படப்பிடிப்பு 1952இல் தொடங்கியபோது மித்ரா இருபது வயதைச் சற்றே தாண்டியிருந்தார். அதற்கு முன் திரைப்படக் கேமராவை இயக்கியதே இல்லை. 1956இன் 'அபராஜிதோ'வில் காசி நகரத்து வீட்டு முற்றம் கல்கத்தா ஸ்டூடியோவில் அமைக்கப்பட்டது. முற்றத்தில் இறங்கும் பகல் வெளிச்சத்திற்கு நிழல் கூர்மையாக விழாது. மித்ரா வெள்ளைத் துணியைக் கட்டி, விளக்கை அதன்மேல் அடித்து, திரும்பி வரும் மென்மையான ஒளியில் படம்பிடித்தார். வெள்ளைத் துணி எந்த வீட்டில் இல்லை?

இனி, பாடநூல்கள் அதிகம் பேசாத ஒன்று. 1950களிலிருந்து கொடாக் நிறுவனம் புகைப்படக் கூடங்களுக்கு வண்ணத்தைச் சரிபார்க்க ஓர் அட்டையை அனுப்பியது. 'ஷெர்லி அட்டை' என்று பெயர். அதில் இருந்தவர் வெள்ளைக்காரப் பெண். அவருடைய சருமம் சரியாக வந்தால் படம் சரி. கறுத்த முகங்கள் அந்தக் கணக்கில் இல்லை. சாக்லேட், மரச்சாமான் தயாரிப்பாளர்கள் தங்கள் பொருள்களின் பழுப்பு நிறம் சரியாக வரவில்லை என்று குறைகூறிய பிறகே ஃபிலிமில் மாற்றம் செய்யப்பட்டதாக அங்குப் பணியாற்றியவர்களே பின்னாளில் கூறியிருக்கிறார்கள். மனிதர்களுக்காக அல்ல, மிட்டாய்க்காக!

நம் மாணவர்களின் படங்களில் கறுத்த நிறமுடைய நாயகி திகில் காட்சியில் கண்களும் பற்களுமாக மட்டும் தெரிவதும், அதற்குப் பயந்து முகத்தில் மாவைப் பூசுவதும் இந்தப் பழைய கணக்கின் மிச்சம்தான். தீர்வு மாவு அல்ல. பெரிய வெள்ளைப் பரப்பை முகத்திற்குப் பக்கவாட்டில் வைத்தால், அதன் பிரதிபலிப்பு கறுத்த சருமத்தில் மினுமினுப்பாக ஏறி, கன்னமும் நெற்றியும் வடிவம் பெறும். பின்னால் வெள்ளைச் சுவர் இருந்தால் தானியங்கிக் கேமரா சுவரைப் பார்த்து முகத்தை இருட்டாக்கிவிடும்; நடிகரைச் சுவரிலிருந்து விலக்கி நிறுத்த வேண்டும்.

குடும்ப நகைச்சுவையாகத் தொடங்கித் திகிலாக முடியும் கதை என்றால், திரைக்கதையின் ஓரத்திலேயே ஒளி விகிதத்தைக் குறித்துக்கொள்வது வசதி. முகத்தின் ஒளிபட்ட பக்கம் மறுபக்கத்தைப் போல் இரண்டு மடங்கு என்றால் சமையலறைக் கலகலப்பு. எட்டு மடங்கு என்றால் நள்ளிரவு நடைபாதை. இரண்டிலிருந்து எட்டுக்கு ஒரே தாவலாகத் தாவினால் வேறு படம் ஓடுவதுபோல் இருக்கும். இடையில் ஒரு மாலைக் காட்சியை நான்கில் வைத்து எடுக்கலாம். படப்பிடிப்புக்கு முதல்நாள், நடிக்கப் போகிறவரையே அந்த மூன்று விகிதங்களிலும் உட்காரவைத்துப் பதிவு செய்து பார்ப்பதற்கு ஒரு மணி நேரம் போதும். தோழியை மாற்றாளாக உட்காரவைத்துப் பார்ப்பதில் பயனில்லை. அவர் முகம் வேறு, நிறம் வேறு.