ஈதர்: சுடரிலிருந்து காலத்துக்கு நகர்ந்த ஆபத்து

டைஎத்தில் ஈதர் 34.6 பாகை செல்சியசில் கொதிக்கும். சென்னை நுங்கம்பாக்கத்தில் 2003 மே 31 அன்று பதிவான வெப்பநிலை 45 பாகை. கோடையில், குளிரூட்டி இல்லாத ஒரு கல்லூரி ஆய்வகத்தில் மூடி தளர்ந்து நிற்கும் ஈதர் புட்டிக்கு அடுப்பே தேவையில்லை என்பதுதான் இதன் பொருள். நம் பாடநூல்கள் இந்தத் திரவத்தை ‘எளிதில் தீப்பற்றக்கூடியது’ என்று கூறிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. ஆனால் ஈதரை எப்படிக் கையாள வேண்டும் என்ற அறிவு சேர்வதற்கு நானூறு ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. மருந்துக் கடை, அறுவை அரங்கு, ஆய்வகம் என்று அது புழங்கிய இடம் மாறும்போதெல்லாம் முந்தைய இடத்தில் கற்ற எச்சரிக்கை போதாமல் போயிற்று. முதலில் சுடருக்கு அஞ்சினார்கள், பிறகு மின்பொறிக்கு, கடைசியில்தான் புட்டிக்குள் கழியும் காலத்துக்கு. இந்த வரிசையை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஜெர்மானிய மருத்துவரும் தாவரவியலாளருமான வலேரியஸ் கோர்டஸ் 1540 வாக்கில் சாராயத்தையும் கந்தக அமிலத்தையும் சேர்த்துக் காய்ச்சி வடித்து ஒரு திரவத்தைப் பெற்றார். விட்ரியாலின் இனிய எண்ணெய் என்பது அவர் அதற்கு இட்ட பெயர். 1544இல் அவர் இறந்த பிறகு, கொன்ராட் கெஸ்னர் 1561இல் வெளியிட்ட தொகுப்பின் வழியாகவே அந்தச் செய்முறை பரவியது. ‘ஈதர்’ என்ற பெயர் 1730ஐ ஒட்டி ஃப்ரோபேனியஸ் என்பவர் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் எழுதிய கட்டுரையால் நிலைபெற்றது. மேல்வானத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது. உள்ளங்கையில் ஊற்றினால் சில்லென்று குளிர்ந்து மறைந்துவிடும் பொருளுக்கு வானத்தின் பெயர் பொருத்தமாகத்தான் பட்டிருக்கும்.

ஆனால் ஈதர் ஆவி வானத்தை நோக்கிப் போவதில்லை. அது காற்றைவிட ஏறத்தாழ 2.6 மடங்கு கனமானது. மேசை விளிம்பில் வழிந்து, தரையில் இறங்கி, கதவிடுக்கில் நுழைந்து ஊர்ந்து செல்லும். சுடர் பட்டால் பற்றுமளவுக்கு ஆவி எழ மைனஸ் 45 பாகையே போதும். காற்றில் 1.9 முதல் 36 விழுக்காடு வரை எந்த அளவில் கலந்திருந்தாலும் அந்தக் கலவை எரியும். அறையின் மறுமூலையில் எரியும் விளக்கை அந்த ஆவி தொட்டுவிட்டால், தீ வந்த வழியே திரும்பிப் புட்டிக்கு ஓடிவரும். மருந்துக் கடையில் துளித்துளியாக விற்ற காலத்தில் இது பெரிய தொல்லையாக இருந்திருக்காது. ஈதரில் கரைத்த கொலோடியனை 1851இல் ஃபிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் ஒளிப்படக் கலைக்குள் கொண்டுவந்த பின், காற்றோட்டமற்ற இருட்டறைகளிலும் ஈதர் ஆவி நிரம்பத் தொடங்கியது.

சுடரே இல்லாமலும் ஈதர் எரியும் என்பதை அதற்கு முன்பே ஒருவர் கண்டிருந்தார். சுரங்கத் தொழிலாளருக்கான காப்பு விளக்கை உருவாக்கிய ஹம்ஃப்ரி டேவி, அதே ஆராய்ச்சியின் தொடர்ச்சியாக 1817இல் வெளியிட்ட கட்டுரையில் ஒரு விந்தையை விவரித்தார். சூடாக்கிய பிளாட்டினக் கம்பியை ஈதர் ஆவியில் பிடித்தபோது, இருட்டில் மட்டும் தெரியும் வெளிறிய ஒளி ஒன்று தோன்றியது. அது விரலைச் சுடவில்லை. இன்று ‘குளிர்சுடர்’ என்று வேதியியலாளர் சொல்வது இதைத்தான். எரிதல் தொடங்கச் சுடர் வேண்டியதில்லை, சூடான ஒரு பரப்பு போதும் என்ற உண்மை அதில் அடங்கியிருந்தது. ஈதர் ஆவி 160 முதல் 180 பாகைக்குள் தானாகவே பற்றிக்கொள்ளும். இன்றைய ஆய்வக ஹாட் பிளேட் அந்த வெப்பநிலையை எளிதில் தாண்டிவிடும்.

1846 அக்டோபர் 16 அன்று பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் வில்லியம் மார்ட்டன் ஈதரால் நோயாளியை மயக்க, ஜான் காலின்ஸ் வாரன் அறுவை செய்தார். அடுத்த ஆண்டே அது கல்கத்தாவரை வந்துவிட்டது. அதே 1847இல் எடின்பரோவில் ஜேம்ஸ் சிம்சன் குளோரோஃபார்மைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். மெழுகுவத்தியும் வாயு விளக்கும் எரியும் அறையில் தீப்பற்றாத மயக்கமருந்து பெரும் நிம்மதி. ஆனால் குளோரோஃபார்ம் சில நோயாளிகளின் இதயத்தை நிறுத்தியது. அதன் பாதுகாப்பை ஆராய நிஜாமின் ஆதரவில் ஹைதராபாத்தில் 1888இலும் 1889இலும் இரு ஆணையங்கள் கூடின. தீக்கு அஞ்சுவதா, இதயத்துக்கு அஞ்சுவதா என்ற இந்த வழக்கை ஈதரின் வரலாற்றில் முக்கியமானதாகக் கருதுகிறேன். ஒரு பொருளின் ஆபத்தை மாற்றுப் பொருளின் ஆபத்தோடு நிறுத்துப் பார்க்க வேண்டும் என்ற முறை மருத்துவருக்குப் பழகியது இப்படித்தான்.

இருபதாம் நூற்றாண்டில் அறுவை அரங்கில் விளக்குச் சுடர் போய் மின்சாரம் வந்தது. ஆபத்து தீர்ந்தது என்று எண்ண இடமிருந்தது, நடந்தது வேறு. நோயாளிக்கு ஈதரோடு ஆக்சிஜனையும் செலுத்தினார்கள். ஆக்சிஜனில் ஈதர் எரியும் வரம்பு 2 முதல் 82 விழுக்காடு வரை விரிகிறது. அது நிதானமாக எரியாது, வெடிக்கும். ரத்தக் குழாய்களைச் சுட்டு அடைக்கும் மின்கருவி, சுவிட்சின் பொறி, கம்பளிப் போர்வையை உதறும்போது எழும் நிலைமின்சாரம் என எதுவும் அதைத் தூண்டலாம். காற்றில் கலந்த ஈதரைப் பற்றவைக்க 0.2 மில்லிஜூல் ஆற்றல் போதும். கதவுக் கைப்பிடியைத் தொடும்போது சுள்ளென்று நாம் உணரும் பொறியில் அதைவிடக் கூடுதல் ஆற்றல் உண்டு. அதாவது, உணரவே முடியாத பொறியும் போதுமானது.

எனவே விதிகள் அறையின் தரைக்கும் காலணிக்கும் நீண்டன. மின்னேற்றம் தேங்காமல் கடத்தும் தரை, கரி கலந்த கறுப்பு ரப்பர்க் குழாய், பருத்தி உடை, ஈரப்பதம் குறையாத காற்று ஆகியவை அறுவை அரங்கின் இலக்கணமாயின. பிரிட்டனில் மயக்கமருந்து வெடிப்புகளை ஆராய அமைத்த குழு 1956இல் அறிக்கை தந்தது. 1951இல் சார்லஸ் சக்ளிங் தயாரித்த ஹாலோத்தேன் என்ற தீப்பற்றாத மருந்தை மான்செஸ்டரில் மைக்கேல் ஜான்ஸ்டன் நோயாளிகளுக்குக் கொடுத்ததும் அதே 1956இல்தான். வசதியுள்ள நாடுகளின் அறுவை அரங்குகளிலிருந்து ஈதர் மெல்ல வெளியேறியது. விலை குறைவு, மூச்சை எளிதில் அடக்காது என்ற காரணங்களால் பிற நாடுகளில் நீடித்தது. 1977இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட முதல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் அது இருந்தது.

ஆய்வகத்தில் கதை வேறு. பாலின் கொழுப்பை அளக்க 1879இல் ஃபிரான்ஸ் ஃபான் சாக்ஸ்லெட் வடிவமைத்த கண்ணாடிக் கருவி ஈதரை மணிக்கணக்கில் கொதிக்கவைத்தது. 1900இல் விக்டர் கிரினியார் கண்ட வினைக்கு நீரற்ற ஈதரே கரைப்பான். துளிக்கணக்கு லிட்டர்க்கணக்காயிற்று. ஈதரை வெந்நீரால் மட்டுமே சூடாக்கு, அந்த வெந்நீரையும் வேறிடத்தில் காய்ச்சி எடுத்து வா என்ற விதி அப்போது உருவானது. குளிரில் வைத்தால் நல்லது என்று சாதாரணக் குளிர்பெட்டியில் ஈதரை வைத்தவர்களும் உண்டு. பெட்டியின் உள்ளே 4 பாகை. ஆவி பற்ற மைனஸ் 45 போதும். மூடிய பெட்டிக்குள் ஆவி சேர, வெப்பநிலையைச் சீராக்கும் சுவிட்ச் ஒரு பொறி விட, கதவே பறந்த விபத்துகள் நேர்ந்தன. உட்புறத்தில் பொறி எழாத தனிவகைக் குளிர்பெட்டிகள் ஆய்வகங்களுக்கு வந்ததன் காரணம் இதுவே.

இவை அனைத்தும் வெளியிலிருந்து வரும் தூண்டலைப் பற்றியவை. மூன்றாவது ஆபத்து புட்டிக்குள்ளேயே விளைகிறது. ஈதர் மூலக்கூறில் ஆக்சிஜனை அடுத்துள்ள கார்பனில் பிணைந்த ஹைட்ரஜன் எளிதில் பிரியும். காற்றும் வெளிச்சமும் படும்போது அவ்விடத்தில் ஆக்சிஜன் புகுந்து பெராக்சைடு உண்டாகிறது. அதற்கு ஈதரைப் போல ஆவியாகும் குணம் இல்லை. காய்ச்சி வடிக்கும்போது ஈதர் போய்விட, பெராக்சைடு குடுவையின் அடியில் செறிந்துகொண்டே வரும். வேலை முடியப்போகிறது என்று நிம்மதியாகக் குனிந்து பார்க்கும் கடைசி நிமிடங்களில்தான் அது வெடிக்கும். குடுவையை ஒருபோதும் வறளவிடாதே என்பது அந்த வெடிப்புகளிலிருந்து வந்த விதி. ஐசோபுரோப்பைல் ஈதர் இன்னும் கொடியது: காய்ச்சாமலே, புட்டியின் மூடியிலும் அடியிலும் பெராக்சைடு படிகமாகச் சேரும், மூடியைத் திருகும் உராய்வே போதும்.

இந்த மெல்லிய வினையின் வேதியியலை 1930களில் ஆல்ஃபிரெட் ரீஷே போன்றோர் ஆராய்ந்தனர். அன்றாட ஆய்வக ஒழுங்காக அது உருப்பெறப் பல ஆண்டுகள் சென்றன. 1970இல் ஜர்னல் ஆஃப் கெமிக்கல் எஜுகேஷன் இதழில் எச். எல். ஜாக்சனும் அவரது உடனாய்வாளர்களும் எழுதிய கட்டுரை, பெராக்சைடு உண்டாக்கும் கரைப்பான்களை ஆபத்தின் தன்மைப்படி வகுத்தது. ஐசோபுரோப்பைல் ஈதர் போன்றவற்றுக்கு 3 மாதம், டைஎத்தில் ஈதர் வகைக்கு அதைவிட நீண்ட தவணை என்று புட்டிகளுக்குக் கெடு வைக்கும் வழக்கம் இவ்வகைப்பாட்டை ஒட்டியே வேரூன்றியது. உற்பத்தியாளர்கள் பிஎச்டி (BHT) என்ற தடுப்பானைச் சிறிதளவு சேர்க்கிறார்கள். பழுப்புப் புட்டியில் அடைக்கிறார்கள். காய்ச்சி வடித்த ஈதரில் அந்தத் தடுப்பான் இராது. தூய்மை கூடக்கூட ஆபத்தும் கூடுகிறது.

சுடரை அணைப்பதும் மின்பொறியைத் தடுப்பதும் கண்ணுக்குத் தெரியும் செயல்கள். அவற்றை நம் ஆய்வகங்கள் ஓரளவு பின்பற்றுகின்றன. புட்டியின் வயதை எவரும் கவனிப்பதில்லை என்பதே என் கணிப்பு. ஆய்வகப் பொறுப்பில் இருப்பவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. ஈதர் வந்த நாளையும் முதலில் திறந்த நாளையும் புட்டியின் மேல் இன்றே எழுதுங்கள். காய்ச்சும் முன் பொட்டாசியம் அயோடைடு கரைசலால் சோதியுங்கள்; மஞ்சளோ பழுப்போ தெரிந்தால் வேலையை நிறுத்துங்கள். அலமாரியின் பின்வரிசையில் நாள் குறிக்காத பழைய புட்டி இருந்து, அதில் படிகம் தென்பட்டால் மூடியைத் தொடாதீர்கள், அசைக்காதீர்கள், கழுவுதொட்டியில் கொட்டாதீர்கள். அறையைப் பூட்டிவிட்டு, வெடிபொருளைச் செயலிழக்கச் செய்யத் தெரிந்தவர்களை அழையுங்கள்.