பிரிக்கக் கூடாத ஜோடிகள்: ஐதராபாத்தில் மைக்ரானின் வரலாறு

மாதாப்பூரின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் 1998 நவம்பரில், பிரதமர் வாஜ்பாய் சைபர் டவர்ஸ் கட்டடத்தைத் திறந்துவைத்த நாளிலிருந்து தொடங்குகின்றனர். அதற்கு முன் பாறைகள். அதற்குப் பின் கண்ணாடிக் கட்டடங்கள். இந்தச் சித்திரத்தில் விடுபட்டுப்போவது, அங்கிருந்து சுமார் 10 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பாலாநகர். எந்திரப் பாகம் ஒன்று எத்தனை மைக்ரான் வரை பிழைபடலாம் என்று கணக்கிடும் மொழி ஐதராபாத்துக்கு மென்பொருளோடு வந்ததன்று. அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே அது அந்நகரின் பட்டறைகளில் புழங்கத் தொடங்கியிருந்தது. அம்மொழி எவ்வளவு கடுமையானது என்பதை அறிய ஹைட்ராலிக் வால்வைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

மண் அள்ளும் எந்திரத்தின் கையை உயர்த்துவதும் தாழ்த்துவதும் அழுத்தமூட்டப்பட்ட எண்ணெய். அவ்வெண்ணெயை இப்பக்கமோ அப்பக்கமோ திருப்பிவிடுவது ஸ்பூல் எனப்படும் சிறு எஃகு உருளை. அது வார்ப்பிரும்பு உடலில் குடைந்த துளைக்குள் முன்னும் பின்னும் நகர்கிறது. பல வால்வுகளில் இடையே ரப்பர் வளையம் எதுவும் இல்லை. எண்ணெயைத் தடுத்து நிறுத்துவது இடைவெளியின் குறுமை மட்டுமே. பொதுவாக அது 5 முதல் 10 மைக்ரான். மனிதத் தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான். கசிவு இடைவெளியின் மும்மடிக்கு ஏற்பப் பெருகும். இடைவெளி இரட்டித்தால் கசிவு எட்டு மடங்காகும். இறுக்கிவிட்டாலோ ஒரு துகள் தூசியே ஸ்பூலைச் சிக்கவைக்கப் போதும். தூசியே இல்லாதபோதும், உருளை சற்றே கூம்பியிருந்தால் எண்ணெயழுத்தம் ஒரு பக்கம் மிகுந்து அதைத் துளையின் சுவரோடு அழுத்திப் பூட்டிவிடும். ஸ்பூலின் மேல் வெட்டப்படும் மெல்லிய வளையப் பள்ளங்கள் அழகுக்கானவை அல்ல. அவை அவ்வழுத்தத்தைச் சுற்றிலும் சமப்படுத்துகின்றன.

இங்குதான் பெருந்தொகை உற்பத்தியின் வழக்கமான வரலாறு இடறுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் அமெரிக்க ஆயுதச்சாலைகளிலிருந்து ஃபோர்டின் தொழிற்சாலை வரை நீளும் அவ்வரலாற்றின் நாயகன், ஒன்றுக்கொன்று மாற்றிப் பொருத்தக்கூடிய பாகம். எந்தத் திருகாணியும் எந்த மரையிலும் பொருந்த வேண்டும். அரத்தால் ராவிப் பொருத்தும் கைவினைஞர் தேவைப்படக் கூடாது. ஸ்பூலும் துளையும் இதற்கு எளிதில் இணங்கவில்லை. இருக்க வேண்டிய இடைவெளியே சில மைக்ரான்தான் என்னும்போது, இரு பாகங்களும் தனித்தனியே சில மைக்ரான் கூடிக் குறைந்தால் கண்ணை மூடி எடுத்த இரண்டு பொருந்துவது தற்செயலே. எனவே துளையை முதலில் முடித்து, அளந்து, அதற்கென்றே ஒரு ஸ்பூலைச் சாணை பிடித்தனர். அல்லது இரண்டையும் நுண்ணளவு வாரியாகத் தரம் பிரித்து, பெரிய துளைக்குப் பெரிய ஸ்பூல் என்று இணை சேர்த்தனர். பொருத்துநர் ஒழிக்கப்படவில்லை, அளவு மேசைக்கு இடம் மாற்றப்பட்டார். தொழில்நுட்ப வரலாற்று நூல்கள் இந்த இடமாற்றத்துக்குத் தரும் கவனம் மிகக் குறைவு. இந்திய டீசல் மெக்கானிக்குகளோ இதை ஏட்டின் துணையின்றியே அறிந்திருந்தனர். 1951இல் நிறுவப்பட்ட மைக்கோ பெருந்தொகையில் உற்பத்தி செய்த எரிபொருள் பம்புகளில் பிளஞ்சரும் பேரலும் இதே வகை ஜோடிதான். ஒன்று தேய்ந்தால் இரண்டையும் மாற்ற வேண்டும்.

ஐதராபாத்தின் கதை சற்று வேறு. 1943இல் செகந்திராபாதில் எந்திரக் கருவிகள் செய்யப் பிராகா டூல்ஸ் உருவானது. 1960களில் எச்.எம்.டி.யின் ஐதராபாத் ஆலை வந்தது. பிறர் தம் ஆலைகளில் ஒரே பாகத்தை ஓயாது செய்வதற்கு வேண்டிய தனிநோக்கு எந்திரங்களும் அங்கே உருவாயின. 1968இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டம், பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு ஆகியவற்றின் உதவியோடு மத்தியக் கருவி வடிவமைப்பு நிறுவனம் பாலாநகரில் தொடங்கப்பட்டது. 1970இல் அதே பாலாநகரில் தோன்றிய எம்டார், அணுமின் நிலையங்களுக்கும் பின்னர் விண்வெளித் துறைக்கும் உரிய பாகங்களை வெட்டத் தொடங்கியது. இவற்றுள் பெரும்பகுதி எண்ணிக்கையில் சிறிய, துல்லியத்தில் கடுமையான வேலை. லட்சக்கணக்கில் செய்யும் ஆலைகள் பிற ஊர்களில் வளர, அவற்றுக்கான எந்திரங்களையும் கருவிகளையும் அவற்றை வடிவமைக்கும் ஆட்களையும் உருவாக்குவதே இந்நகரின் வலிமையாயிற்று.

துல்லியத்துக்குத் தட்பவெப்பமும் ஒரு தரப்பு. அளவியலின் உலகப் பொதுவெப்பநிலை 20 பாகை செல்சியஸ். ஐதராபாத்தின் மே மாதமோ 40ஐத் தொடும். 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகு உருளை இந்த வேறுபாட்டில் ஏறக்குறைய 4.6 மைக்ரான் பருக்கும். குளிர்ந்த அறையிலுள்ள கேஜைக் கொண்டு, வெயிலில் வைத்திருந்த ஸ்பூலை உடனே அளந்தால், இடைவெளியின் பாதியோ முழுமையோ அளவுப் பிழையிலேயே தொலைந்துவிடும். குளிரூட்டப்பட்ட அறை கணினிக்காரர்களின் சொகுசு என்று எண்ணுவோர், அது முன்னரே எஃகுத் துண்டுகளின் தேவையாக இருந்ததை மறந்துவிடுகின்றனர்.

இத்திறன் யாருடைய உடைமை என்ற கேள்வி நீதிமன்றம் வரை நேரடியாகச் செல்லவில்லை; ஆனால் அதன் நிழல் ஒரு வழக்கில் விழுந்தது. 1963 டிசம்பரில் பிராகா டூல்ஸ் நிர்வாகமும் ஒரு தொழிற்சங்கமும் செய்துகொண்ட உடன்பாடு, 92 தொழிலாளரை ஆட்குறைப்பு செய்ய வழிவிட்டது. அதை எதிர்த்துத் தொழிலாளர் சிலர் உயர்நீதிமன்றத்தை அணுகினர். வழக்கு 1969இல் உச்சநீதிமன்றத்தில் முடிந்தது. நிறுவனத்தின் பங்குகளில் 56 விழுக்காடு மத்திய அரசிடமும் 32 விழுக்காடு ஆந்திர அரசிடமும் இருந்தன. ஆயினும் அது கம்பெனிச் சட்டப்படி பதிவான நிறுவனமே. சட்டக் கடமை எதுவும் அதன்மீது சுமத்தப்படாதபோது நீதிப்பேராணை பிறப்பிக்க இயலாது என்று தீர்ப்பாயிற்று. சட்ட மாணவர்கள் பிராகா டூல்ஸை இன்று ஒரு தீர்ப்பின் பெயராக மட்டுமே படிக்கின்றனர். அங்கே எஃகைச் சாணை பிடித்தவர்கள் தொழில் வரலாற்றிலும் இல்லை, சட்ட வரலாற்றிலும் அடிக்குறிப்புதான்.

1991இல் தொடங்கி மாதாப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட இன்ஃபோடெக் எண்டர்பிரைசஸ், இன்றைய சையன்ட், 2000 முதல் விமான எந்திர உற்பத்தியாளரான பிராட் அண்ட் விட்னிக்கு வடிவமைப்புப் பணி செய்து வந்தது. இத்தகைய அலுவலகங்களில் டாலரன்ஸ் என்பது வரைபடத்தின் ஓரத்தில் தட்டச்சிடப்படும் எண். அவ்வெண்ணில் ஒரு மைக்ரானைக் குறைக்க ஒரு விசைத்தட்டல் போதும். அதை உலோகத்தில் ஈட்டுவதற்கு வேறு எந்திரமும் வேறு சாணையும் கூடுதல் நேரமும் வேண்டும். அந்தச் செலவு வரைபவரின் கணக்கில் ஏறுவதில்லை. ஒப்பந்தப் பட்டறையின் கணக்கில் ஏறுகிறது.

வைர ஹோனிங் கருவிகளும் காற்றழுத்தக் கேஜ்களும் வந்தபின் ஓரிரு மைக்ரானுக்குள் ஆயிரக்கணக்கான துளைகளை முடிக்க முடிகிறது; சாதாரண வால்வுகள் பலவற்றில் இன்று ஸ்பூலை மாற்றிப் பொருத்தலாம். விமானங்களின் செர்வோ வால்வுகளில் மட்டும் பழைய முறை நீடிக்கிறது. அங்கே ஸ்பூலும் அதன் உறையும் இணையாகவே முடிக்கப்பட்டு, இணையாகவே அடையாளமிடப்படுகின்றன.