மலைநாட்டுப் பாடசாலைகளும் உடற்குறையுடைய மாணவரும்

கல்விக்கு ஆசிரியரும் நூலும் இன்றியமையாதன என்பதை யாவரும் அறிவர். பாடசாலையைச் சென்றடையும் வழியும் அவற்றையொத்த இன்றியமையாமை உடையது என்பதை மலைநாட்டின் வரலாறு உணர்த்துகின்றது.

1867ஆம் ஆண்டு ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரைத் தோட்டத்தில் தேயிலை பயிரிட்டார். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பிப் பயிரை அழிக்கவே, அட்டன், நுவரெலியாப் பகுதிகளின் மலைச்சாரல்கள் தேயிலைத் தோட்டங்களாயின. பாதைகள் கொழுந்தைத் தொழிற்சாலைக்குக் கொண்டு சேர்க்கும் நோக்குடன் அமைந்தன. லயங்களிலிருந்து மலைக்கும் பிரட்டுக்களத்திற்கும் செல்லும் ஒற்றையடிப் பாதைகளும் கற்படிகளும் உழைக்கும் கால்களுக்காக வெட்டப்பட்டவை. நடக்க இயலாத பிள்ளையை அவற்றை வகுத்தோர் எண்ணிப் பார்த்தாரல்லர்.

1920ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் கல்விக் கட்டளைச்சட்டம், 6 முதல் 10 வயது வரையான தோட்டப் பிள்ளைகளுக்குக் கல்வியளிக்கும் கடமையைத் தோட்டத்துரைமார் மீது சுமத்தியது. அதன் பயனாக எழுந்த பாடசாலைகள் பெரும்பாலும் ஒரே மண்டபத்தில் எல்லா வகுப்புகளையும் கொண்டவை. 1945இல் இலவசக் கல்வி தொடங்கியபோதும் இப்பாடசாலைகள் அதன் முழுப்பயனையும் பெற்றில. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1977 முதல் தோட்டப் பாடசாலைகளும் அரசின்கீழ் வரலாயின. உரிமையாளர் மாறினர், பாடசாலை நின்ற சரிவோ மாறவில்லை.

விழிப்புலன், செவிப்புலன் இழந்தோர்க்கென 1912இல் மேரி சப்மன் அம்மையார் தொடங்கிய பாடசாலை இரத்மலானையில் நிலைபெற்றது. 1956இல் யாழ்ப்பாணத்துக் கைதடியில் நவீல்ட் பாடசாலை தோன்றியது. இவை ஆற்றிய தொண்டு பெரிது. ஆயினும், கொழுந்து பறிக்கும் தாயொருத்தி தன் பிள்ளையை மலையினின்று இறக்கி அத்துணைத் தூரம் அனுப்புதல் எளிதன்று. 1983 முதல் 2009 வரை நீடித்த போர், வடக்கு நோக்கிய பயணத்தை மேலும் அரிதாக்கிற்று. எனவே, அருகிலுள்ள பாடசாலையே அத்தகைய பிள்ளைக்கும் உரிய பாடசாலையாக அமைதல் வேண்டும்.

சட்டமும் இதனையே வேண்டி நிற்கின்றது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், கல்வி நிலையங்களில் அனுமதிக்கும்போது உடற்குறை காரணமாக வேற்றுமை காட்டலாகாது என விதித்தது. 2006இல் வெளியான அணுகுவசதி ஒழுங்குவிதிகள் பொதுக்கட்டடங்களைத் திருத்தியமைக்க 3 ஆண்டு தவணை அளித்தன. 2011இல் உயர் நீதிமன்றம், புதிய பொதுக்கட்டடங்கள் யாவும் இவ்விதிகளுக்கு அமைதல் வேண்டும் எனப் பணித்தது. 2016இல் உடற்குறையுடையோர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை ஏற்றுறுதி செய்தது.

ஆயினும் மலைநாட்டிற்கு ஒரு கணக்கு உண்டு. சக்கர நாற்காலிக்கான சாய்தளம் 1 அடி உயர்வதற்கு 12 அடி நீளம் பெறுதல் உலக வழக்கு. வீதிக்கும் வகுப்பறைக்கும் இடையே 10 அடி உயரம் இருப்பின் 120 அடிச் சாய்தளம் வேண்டும். இடையிடையே இளைப்பாறும் சமதளங்கள் இதற்குப் புறம்பு. குறுகிய சரிவிலே அதற்கு இடமேது? வாயிலில் மட்டும் சிறு சாய்தளம் கட்டிவிட்டு, வாயிலுக்கு வரும் 100 படிகளை மறத்தல் பயனற்றது.

ஆதலின், செய்யத்தக்கவை வேறு. புதிய கட்டடத்திற்கு வீதியோரத்துச் சமநிலத்தைத் தேர்தல் முதலாவது. இயலாத பிள்ளை படிக்கும் வகுப்பைக் கீழ்த்தளத்திற்கு மாற்றுதல் செலவற்ற வழி. படிகளுக்குக் கைப்பிடி, மழைக்காலத்தில் வழுக்காத தளம், அகன்ற கதவுடைய கழிப்பறை, பார்வை குன்றியோர்க்கு ஒளிமிக்க முன்வரிசை என்பனவும் வேண்டும். கொட்டகலைப் பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியிற் பயிலும் இளம் ஆசிரியர் இவற்றை உணர்ந்து செல்லின், நன்மை பல பாடசாலைகளுக்குப் பரவும்.

முதலாம் வகுப்பின் படியை ஏறமுடியாத பிள்ளைக்குப் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் வாயில் எத்துணை அகலமாக இருந்தென்ன? தேயிலைக்காக வகுக்கப்பட்ட நிலத்திலே, பிள்ளைகளுக்காக ஒரு பாதை வகுக்கப்படும் நாளிலேதான் 1920இல் ஏற்கப்பட்ட அக்கடமை நிறைவுறும் எனலாம்.