காபன் இழைக் கட்டும் பழங்கட்டடங்களும்

ஒரு கட்டடத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அது எழுப்பப்பெற்ற ஆண்டையும் எழுப்பினார் பெயரையும் கூறி அமைவர். அஃது எத்தனை முறை பழுதுற்றது, எவ்வாறு செப்பனிடப்பெற்றது என்பன ஏட்டில் ஏறுவது அரிது. வன்னி நாட்டவராகிய எமக்கு இக்குறை எளிதிற் புலப்படும். எமது குளங்களின் வரலாறு வெட்டிய வரலாறு மாத்திரமன்று, காத்த வரலாறுமாகும். கனகராயன்குளப் பகுதியூடாக வடக்கு நோக்கி ஓடும் கனகராயன் ஆறு நிரப்புகின்ற இரணைமடுக் குளத்தையே எடுத்துக்கொள்வோம். 1902ஆம் ஆண்டில் தொடங்கிய அதன் வேலை நிறைவெய்த ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சென்றன. அதன் பின்னரும் அணைக்கட்டுப் பலமுறை உயர்த்தப்பெற்றது. இறுதியாக 2018ஆம் ஆண்டில் நிறைவுற்ற வேலையினால் நீர்மட்டம் 34 அடியிலிருந்து 36 அடியாயிற்று. பழைய அணையை இடித்தெறிந்து புதியதொன்றை எவரும் கட்டினாரல்லர். மண்ணோடு மண் சேர்த்தனர்; அணை வலிபெற்றது.

மண்ணணைக்கு இயல்வதாகிய இது கொங்கிறீற்றுக் கட்டடத்துக்கும் இயலுமா? இவ்வினாவுக்குக் கடந்த நூற்றாண்டு கண்ட விடைகளை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் கொங்கிறீற்றின் இயல்பை அறிதல் வேண்டும். சீமெந்தும் மணலும் கல்லும் நீரும் கூடி இறுகிய இப்பொருள் அமுக்கத்தைத் தாங்குவதில் வலியது. இழுவையைத் தாங்குவதிலோ மிக மெலிந்தது. இக்குறையை நிரப்பவே அதனுள் இரும்பு வைக்கும் வழக்கம் எழுந்தது. பிரான்சு நாட்டுத் தோட்டக்காரராகிய யோசேப்பு மொனியே என்பார், இரும்புக் கம்பி வலையிட்ட பூந்தொட்டிகளுக்கு 1867ஆம் ஆண்டில் உரிமம் பெற்றார். பூந்தொட்டியிற் கையாண்ட அம்முறை பின்னர் வீட்டுக்கும் பாலத்துக்கும் பரவி உலகெங்கும் நிலைபெற்றது. ஆயினும், வலிமை தருவதற்கென வைத்த இரும்பே நாளடைவிற் பகையாவதும் உண்டு. உப்பும் ஈரமும் உட்புகுந்தால் இரும்பு துருப்பிடிக்கும். துரு தன் முதலைக் காட்டிலும் மிகுந்த இடத்தை வேண்டுவதாதலின், உள்ளிருந்து நெருக்கிக் கொங்கிறீற்றைப் பிளக்கும்.

இனி, பழைய அமைப்பொன்றை வலுப்படுத்திய வரலாற்றுக்குத் தமிழுலகம் நன்கறிந்த சான்று முல்லைப் பெரியாறு அணையாகும். பென்னிகுயிக் என்னும் ஆங்கிலப் பொறியியலாளரின் மேற்பார்வையிற் சுண்ணாம்பும் சுர்க்கியும் கொண்டு கட்டப்பெற்று 1895இல் நிறைவெய்திய அவ்வணையின் உறுதி குறித்து 1979இல் ஐயம் எழுந்தது. நீர்மட்டம் 136 அடிக்குக் குறைக்கப்பெற்றது. பின்னர் அணையின் உச்சியில் வலுவூட்டிய கொங்கிறீற்றுத் தொப்பி அமைத்தனர். உச்சியிலிருந்து துளையிட்டு உருக்கு வடங்களை அடிப்பாறையுடன் பிணைத்தனர். நீரில்லாத பக்கத்திற் கொங்கிறீற்றுச் சுவரை அணைத்துக் கட்டினர். நீரை 142 அடிவரை தேக்கலாம் என 2006இலும் 2014இலும் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கேரளத்தார் அச்சமும் தமிழ்நாட்டார் தேவையும் இன்னும் முற்றாக இணங்கினவல்ல. ஆயினும் பழைய அணையொன்றைப் பாரஞ்சேர்த்தும் பிணைத்தும் வலுவாக்கும் வழியை இவ்வேலை காட்டி நிற்கின்றது.

எனினும் அணையும் கட்டடமும் ஒன்றல்ல. அணை தன் பாரத்தாலே நீரை எதிர்த்து நிற்பது. ஆதலின் பாரஞ்சேர்த்தல் அதற்கு வலிமை சேர்த்தலாகும். கட்டடமோ தன் பாரத்தைத் தானே சுமப்பது. தூணைச் சுற்றிப் புதுக் கொங்கிறீற்று வார்த்தால் தூண் தடிக்கும், அறை ஒடுங்கும், அத்திவாரத்தின் சுமை பெருகும். 1960களிற் பிரான்சு நாட்டிலே, வளைகளின் அடியில் உருக்குத் தகடுகளைப் பசையால் ஒட்டும் முறையைக் கண்டனர். தகடும் பாரமுடையதே, தூக்கிப் பொருத்த ஆளும் முட்டுமரமும் வேண்டும், காலப்போக்கில் அதுவும் துருப்பிடிக்கும். பாரமற்றதாய், துருப்பிடியாததாய், உருக்கினும் வலியதாய் ஒரு பொருள் வேண்டப்பட்டது.

அத்தகைய பொருள் கரியிலிருந்து பிறந்தது வியப்பன்றோ! 1879இல் எடிசன் தம் மின்விளக்கில் ஒளிரச் செய்தது கரியாக்கிய இழையையே. ஆயினும் அது மிக நொய்தானது. வலிமை மிக்க காபன் இழையின் வரலாறு 1958இல் அமெரிக்கரான றோசர் பேக்கனின் ஆய்வுடன் தொடங்குகிறது. 1961இல் யப்பானின் ஒசாக்கா நகரிலே அக்கியோ சிந்தோ என்பார் செயற்கை நூலொன்றைப் பதமாகச் சுட்டுக் காபன் இழையாக்கும் வழியைக் காட்டினார். பின்னர் இங்கிலாந்தின் பாண்பரோ ஆய்வுகூடத்தார் அதனை மேலும் வலியதாக்கினர். ஓரிழையின் குறுக்களவு தலைமயிரின் பத்திலொரு பங்களவினது. அடர்த்தி உருக்கின் காற்பங்கிலும் குறைந்தது. முதலில் வானூர்திகளுக்கே பயன்பட்ட இவ்விழையைப் பழைய பாலங்களுக்குப் பயன்படுத்தலாகாதோ என 1980களிற் சுவிற்சலாந்திலே ஊர்சு மையர் என்னும் பொறியியலாளரும் அவர் கூட்டத்தாரும் ஆராய்ந்தனர்.

அவ்வாராய்ச்சிக்குப் பயன் விளைவித்தது ஒரு விபத்து. லூசேர்ண் நகருக்கு அண்மையிலுள்ள இபாக் பாலத்திலே போக்குவரத்து விளக்கினைப் பொருத்துவதற்காகத் துளையிட்டோர், கொங்கிறீற்றினுள் மறைந்து கிடந்த உருக்கு வடமொன்றின் கம்பிகளை அறியாது அறுத்துவிட்டனர். 1991இல் அப்பாலத்தின் அடியிலே ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் தடிப்பும் 5 மீற்றர் நீளமுமுடைய மூன்று காபன் பட்டிகளை ஒட்டிச் செப்பனிட்டனர். உருக்குத் தகடாயின் 175 கிலோகிராம் வேண்டியிருக்கும். காபன் பட்டிகளின் மொத்த நிறையோ 6.2 கிலோகிராம்.

இம்முறையின் மற்றொரு பயனை உலகுக்கு உணர்த்தியது பேரிடர். 1995 சனவரி 17இல் யப்பானின் கோபே நகரை உலுக்கிய நிலநடுக்கத்தில் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். தூண்களின்மேற் சென்ற நெடுஞ்சாலையின் ஏறத்தாழ 600 மீற்றர் நீளப் பகுதி பக்கமாய்ச் சாய்ந்தது. அதன்பின் எஞ்சிய தூண்களுக்குக் காபன் துணியைச் சுற்றிக் கட்டும் வழக்கம் அந்நாட்டில் விரைந்து பரவியது. அதன் தத்துவம் எம்மூர்க் கொல்லர் அறிந்ததே. பழுக்கக் காய்ச்சிய இரும்பு வளையத்தை மரச் சில்லிற் பூட்டி நீரூற்ற, அது சுருங்கி ஆரையும் குடமும் பிரியாவண்ணம் இறுக்கும். மிகையாக அமுக்குண்ட தூண் பக்கங்களில் விம்மி உடையும். சுற்றிய துணி அவ்விம்முதலைத் தடுக்கும். கொல்லர் வளையம் முன்னரே இறுக்கி நிற்பது; காபன் கச்சு தூண் விம்ம முற்படும்போதே இறுக்குவது. இஃதொன்றே வேறுபாடு.

இத்துணைச் சிறப்புடையதாயினும் இதனை எல்லாப் பிணிக்கும் மருந்தெனக் கொள்ளுதல் தவறாகும். உள்ளே துருவேறிய கம்பியை ஆராயாது மேலே துணி சுற்றுதல், சீழ்கொண்ட புண்ணைக் கழுவாது கட்டுதல் போலாம். இழை உருக்கைப் போல நீண்டு வளைந்து முன்னறிவிப்புத் தருவதில்லை. அறுங்கால் சட்டென அறும். அதனை ஒட்டும் பசையோ 60 முதல் 80 பாகை செல்சியசு வெப்பத்திலேயே இளகத் தொடங்கும். ஆதலினாலே, 2002இல் வெளிவந்த அமெரிக்கக் கொங்கிறீற்று நிறுவகத்தின் வழிகாட்டி ஓர் அரிய விதியை வகுத்தது: தீயினாலோ பிறிதினாலோ இழைக்கட்டு முற்றாக அழிந்தாலும், பழைய கட்டடம் ஓரளவு சுமையுடன் தானே நிற்கவல்லதாயிருத்தல் வேண்டும். நிற்கும் ஆற்றல் எஞ்சியுள்ளதற்கே துணை பயன்படும் என்பது இவ்விதியின் உட்கருத்தாகும்.

இக்கருத்து எமது மண்ணுக்கு மிக நெருங்கியது. 1959இல் திறக்கப்பெற்ற யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் இரவு தீக்கிரையாகியது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. கொங்கிறீற்று 300 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் வலிமை குன்றத் தொடங்குவது. பின்வந்த போரிலும் அது சிதைவுற்றது. எனினும் 2000களின் தொடக்கத்தில் அதே இடத்தில் அதே தோற்றத்துடன் மீண்டும் எழுந்தது. போரின்போது வீழ்த்தப்பெற்ற கிளிநொச்சி நீர்த்தாங்கியோ, வீழ்ந்தபடியே கிடந்து, கண்டி வீதியாற் சென்றோர்க்கெல்லாம் போரின் சான்றாயிற்று. 2009இன் பின்னர் வன்னிக்கு மீண்டோர் முன் நின்ற கட்டடங்கள் பல; குண்டு துளைத்தன சில, கூரையின்றிப் பல்லாண்டு மழையில் நனைந்தன சில. இவற்றுள் எதனை இடிப்பது, எதனைக் காப்பது என்பது பணம் பற்றிய வினா மாத்திரமன்று. அறிவு பற்றிய வினாவுமாகும்.

அவ்வறிவுக்கு அடிப்படை பதிவேடே. கம்பி எங்குள்ளது, எத்தனை உள்ளது, அத்திவாரம் எவ்வளவு ஆழமானது என்பன வரைபடம் இருப்பின் ஒரு நாளில் விளங்கும். இல்லையேற் கருவிகொண்டு துருவியே அறிதல் வேண்டும். இபாக் பாலத்திற்கு ஊறு நேர்ந்ததும் உள்ளிருப்பதை அறியாது துளையிட்டமையாலன்றோ! இடப்பெயர்வுகளில் மக்கள் உயிரைக் காத்தனர். ஏடுகளைக் காக்க இயலவில்லை. ஆதலின் பாடசாலைதோறும், கோயில்தோறும், சங்கந்தோறும் எஞ்சியுள்ள வரைபடங்களைத் தேடித் தொகுத்தலும், புதிதாக எழுப்புவனவற்றின் வரைபடங்களைப் படியெடுத்து ஈரிடங்களில் வைத்தலும், ஒவ்வொரு செப்பனிடுதலையும் ஆண்டுடன் குறித்தலும் இன்றியமையாதன. பொறியியல் பயிலும் மாணவர் இழையின் வலிமையைக் கணக்கிடுக. வரலாறு பயிலும் மாணவர் சுவரின் வரலாற்றை எழுதுக. இவ்விரண்டும் கூடுமிடத்தே எமது பழங்கட்டடங்கள் நிலைபெறும்.